வாய் அசையாமல்

உதட்டை உள்பக்கமாக மடித்துப் பல்லால் கவ்விக்கொண்டால் அசையாது. ஆனால் கவ்வியிருப்பது வெளியே தெரியக் கூடாது. முகம் எப்போதும் போல இருக்க வேண்டும், எப்போதும் போல என்றால் எப்படி என்பது இப்போது மறந்துபோயிற்று. திரையின் மூலையில் சின்னச் சதுரத்துக்குள் என் முகம் இருக்கிறது, நெற்றி எண்ணெய் வழிந்து மினுங்குகிறது, அதன் கீழே மோகனப்பிரியா என்று என் பெயர். அந்தச் சதுரத்தைப் பார்க்கக் கூடாது, கேள்வியை மட்டும் பார்க்க வேண்டும், கண் அங்குமிங்கும் போனால் அதையும் அது குறித்துக்கொள்ளும். அது என்றால் ஆள் இல்லை, மென்பொருள்தான் என்று கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுத்த சார் சொல்லியிருக்கிறார். ஆளாக இருந்தால் கூடப் பரவாயில்லை, ஆளுக்குக் கண் அயரும், டீ குடிக்கப் போவான். தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. சிவப்புப் பெட்டி. உதட்டசைவு தெரிகிறது, கேள்விகளை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, மூன்றாவது எச்சரிக்கையோடு தேர்வு முடித்துவைக்கப்படும். எல்லாம் ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் சிரிப்பு வரும், சிரிக்கவும் கூடாது. உதட்டை அசைத்துத்தான் படித்தேன். டிடெக்டட் என்ற சொல்லை என் உதடு எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போகும்போதே இரண்டாவது பெட்டி முதல் பெட்டியின் மேல் வந்து விழுந்தது. எச்சரிக்கையைப் படித்ததற்காக ஓர் எச்சரிக்கை. இனி மிச்சம் ஒன்றுதான். படிப்பு முடித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டு, திரும்பி என்னைப் பார்த்து வா என்று சொன்ன முதல் கம்பெனி இது. பெங்களூரில் இருக்கிறது. இதில் தேறினால் நேர்காணல், அதிலும் தேறினால் வேலை, வேலை என்று ஒன்று வந்துவிட்டால் அம்மா தறியை விட்டு இறங்கிவிடலாம். தறிச் சத்தம் தின்றதுபோக அம்மாவின் காதில் கேட்கும் சக்தி இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கிறது. அது போவதற்குள் இறங்க வேண்டும். இந்த நினைப்பையும் இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் உதடு அதையும் சொல்லப் பார்க்கும்.

மின்விசிறியை நிறுத்தியிருக்கிறேன், அதன் கரகரப்பைப் பேச்சென்று எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம். வியர்வை கழுத்து வழியாக முதுகுக்கு இறங்குகிறது. துடைக்கக் கையைத் தூக்கினால் கை முகத்தை மறைக்கும், மறைத்தால் முகம் காணவில்லை என்று ஒரு பெட்டி வரும். வழியட்டும். வியர்வையை விட இந்த அமைதிதான் தாங்கவில்லை. இது பட்டறைக்குள்ளேயே தடுத்துக் கட்டிய வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி அண்ணனின் தறிகள், பள்ளிபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். தறி ஓடும்போது குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக நடுங்கும், சுவரில் சாய்ந்தால் பல் நடுங்கும். சத்தம் நின்றால் மின்சாரம் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் யாரோ செத்திருக்க வேண்டும். அப்பா செத்த அன்றைக்கு நின்றது. எனக்கு அப்போது எட்டாம் வகுப்பு, அழுகையைவிட முதலில் அந்த அமைதிதான் பயமாக இருந்தது, எல்லோருடைய மூச்சும் கேட்டது. இன்றைக்கு எனக்காக நின்றிருக்கிறது. பட்டப்பகலில், மின்சாரம் இருக்கும்போதே. போன வாரம் அம்மா அர்த்தநாரி அண்ணனிடம் போய் நின்றாள். “எதுக்குப் புள்ள நிறுத்தோணும்?” என்றார். “மோகனாளுக்குப் பரிச்சைங்கண்ணா.” “பரிச்சைன்னா பள்ளிக்கூடத்துல போயி எழுதோணும். எம்பட பட்டறைல என்ன?” “ஊட்டுக்குள்ளயே வெக்கறாங்களாமா. கம்ப்யூட்டரே பாத்துக்குதாம். சத்தம் வந்தாத் தொரத்தி உட்ருமாம்.” “கம்ப்யூட்டருக்குக் காது கேக்குதாக்கும்? உனக்கே கேக்க மாட்டேங்குது பாவாயி.” அம்மா அதற்குச் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், அவர் சொன்னது நல்ல பகிடி என்பதைப் போல. “ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிக் குடுத்தர்றனுங்கண்ணா” என்றாள். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்குத் தறி இல்லாத நாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “நாலு வருசம் படிச்சதுக்கு இன்னமும் பரிச்சையா? அவங்க காலேசுலதான் எல்லாம் வெச்சு முடிச்சுட்டாங்களே” என்றார். பட்டறை வாசல்படியில் நின்று நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் நான் எழுதியதெல்லாம் எதற்கான பரீட்சை?

அந்தப் பேச்சு ஓடுகிற தறிகளுக்கு நடுவே நடந்தது. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை, எல்லாம் உதட்டில் பார்த்தது. பட்டறைக்குள் யாரும் காதால் கேட்பதில்லை. உதட்டை அகலமாக விரித்து, நிறுத்தி நிறுத்தி, முகம் முழுக்கப் பேச வேண்டும், எதிரே இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். கடைசித் தறியில் நிற்பவள் முதல் தறியில் நிற்பவளிடம் புருஷனைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் புலம்பலாம், சத்தமே வராது. எங்கள் வீட்டில் நான் பேசக் கற்றது அப்படித்தான். பள்ளியில் முதல் நாள் டீச்சர், ஏன் இவள் இப்படி வாயைப் பிளக்கிறாள் என்று கேட்டாராம், அம்மா அதை இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிய ஒரே வழி என் வாய். சாயங்காலம் பட்டறைக்குள்ளேயே, நூல் சுற்றிய தார்க்குச்சிகளைப் போட்டுவைக்கும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் என்னை உட்காரவைத்துவிட்டுத் தறிகளுக்கு நடுவே நடப்பாள். அறுந்த இழையை முடிந்துகொண்டே திரும்பி என் உதட்டைப் பார்ப்பாள். உதடு ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை படிக்கிறது. நின்றுவிட்டால் நூல் தீர்ந்த தார்க்குச்சி ஒன்று பறந்து வந்து காலடியில் விழும். நிமிர்ந்தால், வாயை அசை, என்று அவள் உதடு சொல்லும். கணக்கு போடும்போதும் அசைக்க வேண்டும், படம் வரையும்போதும் அசைக்க வேண்டும். ஒருமுறை, மனசுக்குள்ள படிச்சிட்டிருக்கறன் என்றேன். மனசுக்குள்ள படிக்கறத நான் எங்கே போயிப் பாக்கறது, என்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அவள் அறிந்த உலகத்தில் எது நின்றாலும் ஏதோ அறுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்த கேள்வி. ஒரு வேலையை ஏ என்பவர் இத்தனை நாளில் முடிப்பார், பி என்பவர் இத்தனை நாளில், இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள். தெரியும். தெரிந்த கணக்குத்தான், பத்தாம் வகுப்பிலிருந்து இந்த ஏயும் பியும் என்னோடு வருகிறார்கள். ஆனால் கண்ணால் மட்டும் பார்த்தால் வரி உள்ளே போகவில்லை. கண் ஏயைத் தாண்டி பிக்குப் போவதற்குள் ஏ எத்தனை நாள் என்பது கொட்டிப்போகிறது. திரும்பப் போகிறேன், திரும்பக் கொட்டுகிறது. உதட்டில் வைத்தால்தான் நிற்கும். இந்தக் கணக்கை அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு, “ரெண்டு பேரு சேந்தா வேல சீக்கிரம் முடிஞ்சுருமாக்கும்? இன்னும் ரெண்டு தறியச் சேத்துக் குடுத்துருவாங்க கண்ணு” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துப் பார்க்கிறேன். நாக்கு உள்ளே அசைந்தால் வெளியே தெரியாது. ஏ. பி. இரண்டையும் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். தொண்டை ஏறி இறங்குகிறது, அதைப் பார்க்குமா? பார்க்கவில்லை போல, பெட்டி வரவில்லை. விடையைத் தொட்டேன். சரியாகத்தான் இருக்க வேண்டும். நேரம் மேலே குறைந்துகொண்டே போகிறது, மற்றவர்கள் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்கள். மற்றவர்கள் யார்? எத்தனை ஊரில் எத்தனை பேர் இப்போது இதே ஏயையும் பியையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணால் படிப்பவர்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் காலையில் வாயை மூடிக்கொண்டு செய்தித்தாள் படித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள். வாய் மூடியிருக்கும்போதும் ஆள் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதை நான் முதலில் பார்த்ததே கல்லூரி நூலகத்தில்தான். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வாயும் அசையவில்லை. யாரும் படிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கல்லூரி. அதை இப்போது ஏன். பள்ளியில் எல்லோருக்கும் வாய் இருந்தது, வகுப்பே ஒரே குரலாகச் சொல்லும், சொல்லிச் சொல்லியே நான் மாவட்டத்தில் பேர் சொல்லும்படி மார்க் வாங்கினேன், அப்போது எல்லோருக்கும் அரசாங்கம் தந்த மடிக்கணினிதான் இது, பேட்டரி செத்து வருஷங்களாகின்றன, ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே இருண்டுவிடும். ஒயரைக் கால் தட்டிவிடாமல் இருக்கக் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வலது கால் மரத்துப்போய் அது என்னுடையது இல்லாததைப் போல இருக்கிறது. பொறியியலில் முதல் வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், தறி ஓடுவதைப் போல ஓடினார், நான் அவருடைய உதட்டைப் பார்த்தேன், பழக்கம். உதட்டில் ஒன்றும் புரியவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களின் உதடு அகலமாகத் திறப்பதில்லை, சொற்கள் பல்லுக்குப் பின்னாலேயே முடிந்துவிடுகின்றன. முதல் வருஷம் பாதிப் பாடம் அரியர். பிறகு என் வழிக்கே திரும்பினேன், புத்தகத்தை எடுத்து அர்த்தம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வாயால் அரைத்தேன். அரைக்க அரைக்க ஒருநாள் பாதி புரியும். எல்லாவற்றையும் எழுதித் தேறினேன், பட்டமும் வாங்கினேன். வாங்கியது என்ன என்று யாராவது சத்தமில்லாத ஓர் அறையில் உட்காரவைத்துக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இதோ, அதைத்தான் கேட்கிறார்கள். பயிற்சி வகுப்பில் ஒருநாள் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்துவிட்டு அந்தச் சார் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். “என்னம்மா மோகனப்பிரியா, அர்ச்சனை பண்றியா? யார் பேருக்கு, என்ன நட்சத்திரம்?” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அம்மா அர்த்தநாரி அண்ணனிடம் சிரித்ததைப் போலவே. “வாயை மூடிக்கிட்டுப் படிக்கப் பழகு. இதெல்லாம் அஞ்சாம் கிளாஸோட போயிருக்கணும்” என்றார். கெட்டவர் இல்லை, எல்லோருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார். அன்று இரவு விடுதியில் பென்சிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். பென்சில் அசைந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா பழையபடி தறிக்கு நடுவிலிருந்து திரும்பித் திரும்பி என் வாயைப் பார்ப்பாள், ஆனால் அவள் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. முன்பெல்லாம் என் உதட்டில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். சேரனும் சோழனும், இலையும் தண்டும் வேரும், எல்லாம் அவளுக்கும் அரைகுறையாகப் பாடம். ஒருமுறை நான் அசோகர் மரம் நட்டதைப் படித்துக்கொண்டிருந்தபோது, எதுக்குக் கண்ணு ரோட்டோரத்துல நட்டாரு, என்று அங்கிருந்தே கேட்டாள். ஆங்கிலம் வந்த பிறகு கேட்பது நின்றுவிட்டது. என் உதட்டில் அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். இப்போது அவளுக்குத் தெரிவதெல்லாம் உதடு ஓடுகிறதா, நிற்கிறதா என்பதுதான். அது போதும் என்று இருந்துவிட்டாள்.

பின்னால் சுவர் வெறிச்சென்று இருக்கிறது, அதைப் பார்க்காமலேயே முதுகில் உணர முடிகிறது. முந்தாநாள் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தார்கள், எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. உட்கார்ந்ததும் அறையில் இன்னொரு நபர் இருக்கிறார் என்று வந்தது. யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன், மறுபடியும் இன்னொரு நபர். அப்புறம்தான் தெரிந்தது, சுவரில் அப்பா. மாலை போட்ட படத்திலிருந்து அப்பாவின் முகத்தை அது கண்டுபிடித்து, சுற்றிலும் ஒரு மஞ்சள் கட்டம் போட்டு வைத்திருந்தது. என் முகத்துக்கு ஒரு கட்டம், அவருக்கு ஒரு கட்டம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “உங்கொப்பன உசுரோட இருக்கறதாவே நெனச்சுக்கிச்சா?” என்றாள். பிறகு முந்தானையால் படத்தைத் துடைத்துக் கழற்றி எடுத்துக்கொண்டு, “வாய்யா, புள்ள பரிச்ச எழுதோணுமாம், நாம ரெண்டு பேரும் வெளிய இருக்கலாம்” என்றாள். இப்போது இரண்டு பேரும் வெளியேதான் இருக்கிறார்கள். நின்ற தறிகளுக்கு நடுவே அம்மா தரையில் உட்கார்ந்திருப்பாள், படத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பாள். தெருமுனைப் பட்டறைகள்கூடச் சன்னமாகத்தான் கேட்கின்றன. காலையிலிருந்து அவள் தெருவையே அதட்டிவைத்திருக்கிறாள். உப்பு வண்டிக்காரர் ஒலிபெருக்கியோடு வந்தபோது ஓடிப்போய் நிறுத்தியதைத் தெருப் பக்கச் சன்னல் வழியாகப் பார்த்தேன். “என்ன எழவா ஊட்டுல?” என்று அவர் கேட்டார், “வாயக் கழுவு, பரிச்ச” என்றாள் அம்மா. பரிச்சை என்ற சொல்லுக்கு அவள் முகத்தில் வருகிற அந்த வெளிச்சம். அதை நான் இருபத்திரண்டு வயதுவரை செலவழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். நான் தோற்றால் அவள் திட்ட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போவாள், அவ்வளவுதான். எனக்குப் பயம் அந்தத் துண்டுதான். காதுக்கு மேலே இறக்கிக் கட்டுவாள், சத்தம் கொஞ்சம் குறையும் என்று. இப்போதெல்லாம் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்னால் போய் நின்றால், வந்துட்டியா கண்ணு, என்கிறாள், நான் வந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

பத்தி வந்துவிட்டது. கடைசிப் பகுதி இதுதான், ஆங்கிலப் பத்தி, கீழே கேள்விகள். பத்தி நீளம். பனி பெய்யும் நாடுகளில் வீட்டுக்குள் சூடு வெளியே போகாமல் எப்படிக் காப்பது என்பதைப் பற்றி. இரட்டைச் சன்னல், சுவருக்குள் பஞ்சு. பஞ்சு என்றதும் கண் நின்றுவிட்டது, அம்மாவின் தலைமுடியில் எப்போதும் பஞ்சு இருக்கும், புருவத்தில்கூட. இல்லை, பத்தி. முதல் வரியிலிருந்து. வீடு சூட்டை இழக்கும் வழிகள் மூன்று. முதல் வழி. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிறது, இமைக்கிறேன், எழுத்துக்கள் நீந்துகின்றன. பல் உதட்டைக் கவ்வியே இருக்கிறது, உப்பு ருசிக்கிறது, வியர்வையா ரத்தமா தெரியவில்லை. இரண்டாவது வழி. முதல் வழி என்ன? போய்விட்டது. பத்தியை முழுதாக ஒரே ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் போதும், எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்துவிடும், ஒரே ஒருமுறை, ஆனால் அந்த ஒருமுறையைப் பிடிக்கத்தான் அது காத்திருக்கிறது. இதயம் அடிப்பது தறி அடிப்பதைப் போல இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு அதன் தாளத்தில் வரியை ஓட்டிப் பார்க்கிறேன். முதல் வழி கூரை. இரண்டாவது சுவர். கூரை, சுவர். ஆமாம். நிற்கிறது. உதடு இல்லாமலே நிற்கிறது. மூன்றாவது சன்னலும் கதவும். கூரை, சுவர், சன்னல். முதல் கேள்விக்கு விடை கூரை, தொட்டேன். இரண்டாவது கேள்வி, சுவர் இல்லை, சுவர் என்று தோன்றும், ஆனால் பத்தி வேறு சொல்கிறது, அதையும் பிடித்துவிட்டேன். எனக்கு வருகிறது. வாய் இல்லாமல் வருகிறது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு வரி நேராகக் கண்ணிலிருந்து உள்ளே போகிறது. பயந்துகொண்டே சந்தோஷப்படுகிறேன், முகம் மாறிவிடக் கூடாதே என்று. இன்னும் சில கேள்விகள்தான், நேரமும் இருக்கிறது. அப்போது திரைக்கு மேலே, சன்னலில், வெளிச்சம் கொஞ்சம் மங்கியது.

அம்மா. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று விதி இருந்ததால் மடிக்கணினியைப் பட்டறைப் பக்கச் சன்னலுக்கு எதிரே வைத்திருந்தேன், அதனால் திரைக்குச் சற்று மேலே, கண்ணைத் திருப்பாமலேயே அவளைப் பார்க்க முடிந்தது. கேமராவுக்கு அவள் தெரிய மாட்டாள், அதன் முதுகுதான் அவள் பக்கம். சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், அவள் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு வந்திருந்தாள், வளையலை முழங்கைவரை ஏற்றி முந்தானையால் சுற்றியிருந்தாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் உதட்டைப் பார்த்தாள். எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. அவள் கண்ணில் மெதுவாக அந்தப் பயம் ஏறுவதைப் பார்த்தேன், இழை அறுந்துவிட்டது என்கிற பயம். உதடு நிற்கிறது. மூடி, கவ்வி, கல் மாதிரி நிற்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை, உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தறியை நிறுத்தச் சொன்னேன், படத்தைக் கழற்றச் சொன்னேன், மின்விசிறி, கதவு, உப்பு வண்டி, எல்லாம் சொன்னேன். வாயை அசைக்காமல்தான் படிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லியிருந்தாலும் என்னவென்று சொல்லியிருப்பேன்? அவள் இத்தனை காலம் என்னிடம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றே ஒன்று இனி வேண்டாம் என்றா? அவள் உதடு விரிந்தது. சத்தம் இல்லை, ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை, நான் சொன்னதை அப்படியே காப்பாற்றினாள். வாயி அசையலியே கண்ணு, என்றது உதடு. அப்புறம், நிறுத்தி, அகலமாக, தெரியலியா? அது பேச்சு என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதுதான் நடந்தது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன், ஆனால் கை சுட்டால் இழுத்துக்கொள்ள யோசிக்கிறோமா? தார்க்குச்சி காலடியில் வந்து விழுந்ததைப் போல இருந்தது. பல் உதட்டை விட்டது. தெரியுதும்மா, என்றேன். சத்தமே இல்லாமல், வாயை நன்றாக விரித்து, பட்டறையின் கடைசித் தறிவரை தெரியும்படி.

பெட்டி வந்தது. சிவப்பு இல்லை, இந்தமுறை வெள்ளை, திரை முழுக்க வெள்ளை. கேமராவுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. மூலையில் இருந்த என் முகமும் போய்விட்டது. பனியும் கூரையும் சுவரும் போய்விட்டன, தொடாத கேள்விகள் போய்விட்டன. நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. உங்கள் தேர்வு முடிந்தது. இந்தப் பக்கத்தை நீங்கள் மூடலாம். கோபம்கூட இல்லாத எழுத்து. கால் மரத்திருக்கிறது, அதை இப்போது நீட்டலாம். வியர்வையைத் துடைக்கலாம். மின்விசிறியைப் போடலாம். எல்லாம் செய்யலாம் என்று ஆன பிறகு ஒன்றையும் செய்யத் தோன்றவில்லை. அம்மா இன்னும் சன்னலில்தான் இருக்கிறாள். திரையின் முதுகுதான் அவளுக்குத் தெரியும். என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டாள், தெரியுதும்மா என்று சொன்னதையும் படித்துவிட்டாள், அவள் தோள் இறங்கியது, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன, பஞ்சு ஒட்டிய புருவம் விரிந்தது. பட்டறைக்குள் அர்த்தநாரி அண்ணன் வந்து நிற்பது அவள் தோளுக்கு மேலே தெரிகிறது, சுவரில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில். முடிஞ்சுதா என்று தலையை ஆட்டிக் கேட்கிறார். அம்மா அவர் பக்கம் பாதி திரும்பிக் கையை மறித்துக் காட்டுகிறாள். சத்தமில்லாமல்தான் சொல்கிறாள், ஆனால் பக்கவாட்டில் அவள் உதடு எனக்குத் தெரிகிறது. படிக்கறா. இன்னுஞ் செத்த நேரம் இருங்கண்ணா. அவர் சலித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்கிறார். அவள் மறுபடி என் பக்கம் திரும்பி, உதட்டைப் பார்க்கிறாள். நின்றிருக்கிறது. அவள் முகத்தில் அந்தப் பயத்தின் கோடு திரும்ப விழப்போகிறது. விழுவதற்குள் நான் வாயைத் திறக்கிறேன். இனி யாரும் பார்க்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் அசைக்கலாம். திரையில் இருக்கிற இரண்டு வரியை ஆங்கிலத்திலேயே படிக்கிறேன், எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்தில் படித்ததைப் போல. முடிந்ததும் முதலிலிருந்து படிக்கிறேன். அம்மா கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கேட்கிறாள், கேட்கிறாள் என்றால் பார்க்கிறாள். தறிகள் எனக்காக இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. நேரம் முடிகிறவரை இப்படியே ஓட்டிவிட வேண்டும். உதடு ஓடுகிறது, நிற்காமல் ஓடுகிறது. நடுவில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.